அலை உடையாத இடம்

ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "கடலு உன்னை உசுரோட உட்டுதே, அதே பெருசு கண்ணு" என்கிறார்கள். கொண்டுவந்த பலாச்சுளையை வைத்துவிட்டு, "பொம்பளைக்கு எதுக்குங்க நீச்சலு?" என்று என் புருஷனிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மூச்சு தீர்ந்துபோகிறது. அது திரும்பி வருவதற்குள் அவர்கள் வாசலைத் தாண்டிவிடுகிறார்கள். எழுதுவதற்கு அந்தத் தொல்லை இல்லை, வேண்டிய இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொள்ளலாம். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செல்லாயி. கொல்லிமலையில் அரியூர் நாடு எங்களுக்கு; சில ஊர்கள் சேர்ந்தால் எங்கள் மலையில் அது ஒரு நாடு. சாமையும் மிளகும் விளைகிற கொஞ்சம் நிலம், ஒரு புருஷன், ஒரு மகள். மலைமேல் பாதிரியார் ஒருவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றேன். நீச்சலை யாரும் கற்றுத்தரவில்லை. எங்கள் ஊருக்குக் கீழே ஆற்றில் ஒரு மடு இருக்கிறது. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் அதில் விழுந்து எழுந்துதான் வளர்ந்தோம்.

தண்ணீரைப் பற்றி எங்கள் மலையில் எல்லோருக்கும் இரண்டு விஷயம் தெரியும். ஆற்றில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்தால் அடியில் பாறை இருக்கிறது, அங்கே கால் வைக்கக் கூடாது. சலனமில்லாமல் கிடக்கிற இடத்தில் மணல் இருக்கும், அங்கேதான் இறங்க வேண்டும். இது ஒன்று. வெள்ளம் இழுத்தால் முகத்தை அதற்கு எதிரே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இறங்கின கரைக்கே திரும்ப வேண்டும். இது இரண்டு. இந்த இரண்டும் எங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கின்றன. என்னைக் கொல்லப் பார்த்தவையும் இவைதான்.

அந்த மாசி மகத்துக்குக் கடலில் முழுக ஊரோடு புறப்பட்டோம். என் மாமனார்தான் ஊர்க்கவுண்டர். அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் மலையிறங்கி, சேந்தமங்கலத்தில் பஸ் பிடித்து, பிறகு ரயிலேறிக் கடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். எங்களில் யாரும் அதற்கு முன்னால் கடலைப் பார்த்தவர்கள் இல்லை. மகள் பாவாயியை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். நல்லவேளை.

கரை நெடுக ஜனங்கள். அலை வந்து உடைகிற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று கொதிக்கிறது. முழுகப் போனவர்களை அது புரட்டிப் போடுகிறது. குடம் போகிறது, துண்டு போகிறது, கிழவிகள் கூச்சல் போடுகிறார்கள். மாமனார் மணலில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் அலையே உடையாத ஓர் இடம் இருந்தது. இரண்டு பக்கமும் நுரை, நடுவில் மட்டும் தண்ணீர் கலங்கலாக, அமைதியாகக் கிடந்தது. கூட்டமும் அங்கே இல்லை.

"அந்தப் பக்கம் பூராக் கொதிக்குது. இந்த எடந்தான் சும்மா கெடக்குது. பொம்பளைக இங்கயே எறங்குங்க" என்றார்.

அவர் சொன்னதில் நான் குற்றம் காணவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நானும் அந்த இடத்தைத்தான் பார்த்து வைத்திருந்தேன். எங்கள் மலையில் பிறந்த யாரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கரையில் நிறுத்தினாலும் அங்கேதான் இறங்குவார்கள்.

மற்ற பெண்கள் முழங்காலளவில் நின்றார்கள். காலடி மணல் கரைந்து ஓடுவதைப் பார்த்துப் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். நீச்சல் தெரியும் என்று நான் இடுப்பளவுக்குப் போய் முழுக்குப் போட்டேன். தலையைத் தூக்கினால் தரை இல்லை. தண்ணீர் என்னை அடியில் இழுக்கவில்லை. வெளியே, கடலுக்குள், நடக்கிற வேகத்தில் கொண்டுபோனது. நானும் மலைக்காரி செய்வதையே செய்தேன். கரையைப் பார்த்து, நேர் எதிராக, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு நீந்தினேன். புடவை காலைச் சுற்றிக்கொண்டது. எத்தனை அடித்தாலும் கரை தள்ளிக்கொண்டே போயிற்று. கையில் வலு போன பிறகு வாயில் உப்புத் தண்ணீர் போயிற்று. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகமில்லை.

கட்டுமரத்தில் வந்த ஒரு மீன்காரர் என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டாராம். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினதில் மணலும் தண்ணீருமாக வாய்வழியாக வந்தது. நான் கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏம்மா, அலை ஒடையாத எடத்துல யாராச்சும் எறங்குவாங்களா? கரையில மோதுன தண்ணி எல்லாம் திரும்பிப் போறதுக்கு ஒரு வழி வேணாமா? அதாம்மா அந்த வழி. அதுல போயி எதிர்நீச்சல் போட்டா எவனாலயும் ஆவாது. கரை போற போக்குல பக்கவாட்டுல நீந்தணும். நாலு கை போட்டா இழுப்பு உட்டுடும். அப்புறம் அலையே உன்னைக் கரையில கொண்டாந்து தள்ளிடும்."

"இதை மொதல்லயே ஏனுங்க சொல்லலை?" என்று என் புருஷன் வெள்ளையன் கேட்டார்.

"தெரிஞ்சுதான் எறங்குறீங்கன்னு இருந்தோம். வருஷா வருஷம் மகத்துக்கு இப்படி ரெண்டு பேரு போவாங்க" என்றார் அவர்.

என் உயிரைத் திருப்பிக் கொடுத்த மனிதர். அவர் காலில் விழ வேண்டும், விழுந்தேன். ஆனாலும் அந்த 'வருஷா வருஷம்' என்ற பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. வருஷா வருஷம் நடக்கிறது என்று ஒரு கரைக்கே தெரிந்திருக்கிறது. ஒரு கம்பை நட்டு அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட ஒருவருக்கும் கை வரவில்லை. பூஜைக்கு வந்த ஐயர்கள் இருந்தார்கள், தடியோடு போலீஸ்காரர்கள் இருந்தார்கள், சுண்டல் விற்கிறவன் இருந்தான். இங்கே இறங்காதே என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஊர் திரும்பும்போதே இருமல். மலையேறியதும் காய்ச்சல். இடது பக்கம் விலாவில் ஊசியால் குத்துவது மாதிரி வலி, மூச்சை உள்ளே இழுத்தால் பாதியில் நின்றுவிடும். மாமனார் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், எங்கள் மலைச் சாமி பெரியசாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார். "கடல்ல அத்தனை தூரம் போனியே, அது கோவிச்சுக்கிச்சு" என்றார். கடலுக்கு என் மேல் என்ன கோபம்? எனக்குத்தான் அதன் மேல் கோபம். ராத்திரியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன், படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு நாள் சளியில் நாற்றம் வந்தது. வெள்ளையன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய், டோலி கட்ட மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார்.

மலைப்பாதையில் சேந்தமங்கலம் வரைக்கும் என்னைச் சுமந்தார்கள். முன்தண்டு முழுவதும் அவர் தோளில்தான், ஆள் மாற்றிக்கொள்ளவில்லை. அங்கிருந்து பஸ்ஸில் டவுன் ஆசுபத்திரி. தாழ்வாரத்தில் எங்களைப்போல் எத்தனையோ பேர் தரையில் கிடந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வருவார், எல்லோரும் எழுந்து கும்பிடுவார்கள், அவர் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவார். உட்கார்ந்தால் முன்னால் சாய வேண்டும், சாய்ந்தால் இருமல் வரும். இந்த நிலையில் பொழுது சாய்கிறவரை எங்களை யாரும் ஏனென்று கேட்கவில்லை. இருமுகிற சத்தம் தாங்காமல்தான் கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

டாக்டர் வயதானவர், கெட்டிக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முதுகில் ஒரு கையை வைத்து மற்றக் கைவிரலால் தட்டினார். வலது பக்கம் காலிப் பானையைத் தட்டினதுபோல் கேட்டது. இடது பக்கம் நிறைந்த பானைச் சத்தம். எனக்கே அது கேட்டது.

"மலையில இருக்கிறவளுக்குக் கடல்ல என்னம்மா வேலை?" என்றார்.

"கீழ இருக்கறவங்களுக்கு மலைமேல என்ன வேலைன்னு நாங்க ஒருத்தரையும் கேட்டதில்லீங்க" என்றேன். அதைச் சொல்வதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது. அவர் சிரித்தார். அதன்பிறகு என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் விளக்கியது இதுதான். கடல் தண்ணீரோடு அழுக்கும் மணலும் நுரையீரலுக்குள் போய்விட்டன. அது அங்கே புண்ணாகியிருக்கிறது. புண்ணிலிருந்து சீழ் கசிந்து, நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் தேங்கிவிட்டது. சீழ் சேரச் சேர நுரையீரல் விரிய இடமில்லாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது. மூச்சு வராததற்குக் காரணம் அதுதான். முதலில் நீளமான ஊசியை முதுகில் குத்தி உறிஞ்சினார்கள். வந்ததைப் பீங்கான் கிண்ணத்தில் காட்டினார்கள், பழுத்து அழுகின பலாவின் நிறம். ஊசியால் எடுக்க எடுக்க மறுபடியும் சேர்ந்தது. விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டு ரப்பர் குழாய் வைத்தால்தான் வடியும், இல்லாவிட்டால் ஆள் தேறமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கென்று மாமனார் வந்து சேர்ந்தார். எலும்பை வெட்டப்போகிறார்கள் என்று கேட்டதும் கையை உதறினார்.

"ஏண்டா வெள்ளையா, எலும்பை வெட்டிப்போட்டு ஆளைப் பொழைக்க வெப்பாங்களா? டோலி அடிவாரத்துல நிக்குது. கெளப்பு. என்ன ஆனாலும் நம்ம ஊட்டுல ஆகட்டும்."

என் புருஷன் அப்பனுக்கு எதிராக வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலில் மை இருந்தது.

"ரேகை வெச்சுட்டேனுங்கப்பா. நாளைக்குக் காலையில வெட்டறாங்க."

 மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். என் வாழ்நாளில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய காரியம் செய்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அழவும் மூச்சு வேண்டும், ஆகவே சும்மா இருந்தேன்.

மூக்கில் மருந்துத் துணி வைத்தார்கள். ஒரு பழக்கடை மாதிரி வாசனை வந்தது. விழித்தபோது விலாவில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் குழாய், குழாயின் முனை ஒரு சீசாத் தண்ணீருக்குள். சீழ் வடிந்தது, காய்ச்சல் இறங்கியது. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சுருண்ட நுரையீரல் தானாக விரியாது, விரிக்காவிட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு நாலு வார்த்தை சேர்த்துப் பேசக்கூட முடியாது, சீழும் திரும்பக் கட்டும் என்றார்.

அதற்கு மருந்து இரண்டு சீசா. இரண்டையும் ஒரு கண்ணாடிக் குழாய் இணைத்திருக்கும். ஒன்றில் நீலத் தண்ணீர். இந்தச் சீசாவில் நான் வாய்வைத்து ஊதினால் தண்ணீர் அந்தச் சீசாவுக்குப் போக வேண்டும், பிறகு அங்கிருந்து இங்கே. இவ்வளவுதான். கடல் தண்ணீரைக் குடித்துச் சாகப் பார்த்தவளுக்கு ஒரு சீசாத் தண்ணீரை நகர்த்த முடியவில்லை. ஊதினால் விலாவைப் பிய்த்துக்கொண்டு வலி, தண்ணீர் குழாயில் பாதி ஏறிவிட்டு அலட்சியமாக இறங்கிவிடும். சீசாவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் என்று வந்தது.

பக்கத்துக் கட்டிலில் ராமாயக்கா இருந்தார். சேந்தமங்கலத்துப் பக்கம் சொந்தக் காட்டில் கடலை போடுகிற குடும்பம், வயிற்றுக் கட்டிக்கு வந்தவர். வெள்ளையனுக்குப் பொங்கத் தெரியாது என்று அவர் வீட்டுக் கஞ்சியில்தான் எங்களுக்கும் பங்கு. நான் ஊதுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு யாரு மேல கோவம் சாமி?" என்றார்.

"எல்லாரு மேலயும்."

"அப்ப ஒவ்வொருத்தரா நெனச்சு ஊது."

ஊதினேன். முதலில் அந்தச் சாவிக்காரரை. பிறகு கரையில் நின்ற போலீஸ்காரர்களை, ஐயர்களை, 'வருஷா வருஷம்' என்ற மீன்காரரை. என் உயிரைக் காத்தவரையும் விடவில்லை. 'கடல்ல என்னம்மா வேலை' என்ற டாக்டருக்குத் தனியாக ஒரு ஊது. தண்ணீர் குழாயின் வளைவைத் தொட்டது. மறுநாள் ஒரு சொட்டு அந்தப் பக்கம் விழுந்தது. வெள்ளையன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, தானும் கன்னத்தை உப்பிக்கொண்டு கூடவே ஊதுவார். வார்டே எங்களைப் பார்த்துச் சிரித்தது. பாதிச் சீசா போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. எவ்வளவு கோபப்பட்டாலும் பாதியிலேயே நின்றது.

அப்போது மாமனார் மறுபடி வந்தார். இந்த முறை சாமை மாவும் தேனும் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவினார்.

"ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாச்சு கண்ணு. இனி நம்ம நாட்டுல பொட்டப்புள்ளைக மடுவுல எறங்கப்படாது. கடலுக்கும் ஆம்பளைக மட்டும் போவோம். உன்ற மவ கிட்டயும் சொல்லியாச்சு. பாவம், ஒரே அழுவாச்சி."

"மாமா, நான் நீந்துனதால முழுகலீங்க. எறங்குன எடந்தான் தப்பு. அலை ஒடையாத எடத்துல..." அதற்கு மேல் மூச்சு இல்லை. வாய் மட்டும் அசைந்தது.

"பேசாத சாமி. மூச்சு வாங்குது பாரு" என்றார். மனசாரத்தான் சொன்னார். அவர் கண்ணில் நீர் இருந்தது.

அவர் போன பிறகு சீசாவை இழுத்தேன். என் மகள் மடுக்கரையில் நிற்கிறாள், பையன்கள் உள்ளே குதிக்கிறார்கள். அது என் கண்ணில் நின்றது. கடலில் எங்கே இறங்க வேண்டும் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த மகத்துக்கு ஆண்கள் போவார்கள், மறுபடியும் அதே சும்மா கிடக்கிற தண்ணீரைத் தேடிப்பிடித்து இறங்குவார்கள். நடந்த பிழைக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் போய் வேலி கட்டியிருக்கிறார்கள், அதையும் அன்போடு கட்டியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை என்னால் சொல்ல முடியாது. ஊதினேன். நீலத் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் போய், காலிக் குழாய் கொடகொடவென்று சத்தம் போட்டது. நர்சம்மா ஓடிவந்தார். வெள்ளையன் சீசாவைத் தூக்கி ராமாயக்காவிடம் காட்டினார்.

நுரையீரல் முக்கால்வாசி விரிந்தது. மிச்சம் இனி வராது என்று டாக்டர் சொன்னார். "நீச்சல் அடிக்க முடியாது. மேடு ஏறினா மூச்சு வாங்கும். பேசலாம், ஆனா கொஞ்சமா பேசணும்" என்றார். உனக்கு அது கஷ்டம்தான் என்று சிரித்தார். அவருக்கு நான் நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே ஒரு வேலை செய்தேன். ஒரே மூச்சில் எவ்வளவு சொல்ல முடியும் என்று பழகினேன். களை எடுக்கும்போது, மிளகு காயவைக்கும்போது, அடுப்பு மூட்டும்போது. வேண்டாத சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்தேன். அடுத்த மாசி மகம் வந்தது. ஆண்கள் மூட்டை கட்டிக்கொண்டு கோயிலுக்கு முன்னால் கூடினார்கள். நான் போய் வழியில் நின்றேன். மாமனார் 'பேசாத' என்று சொல்லக் கையைத் தூக்குவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"அலை ஒடையாத எடத்துல எறங்காதீங்க, நுரையில முழங்காலுக்கு மேல போவாதீங்க, இழுத்தா எதுக்காதீங்க, கரை போற போக்குல பக்கவாட்டுல நீந்துங்க, முடியாட்டி மல்லாந்து மெதந்து கையத் தூக்குங்க."

மூச்சு தீர்ந்தது. சொல்ல வேண்டியதும் தீர்ந்திருந்தது. ஆண்கள் என்னை விலகிச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

போன எல்லோரும் திரும்பி வந்தார்கள். நடந்ததை வெள்ளையன் சொன்னார். கரைக்குப் போனதும் மாமனார் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாராம். பிறகு சும்மா கிடக்கிற ஓர் இடத்தைக் காட்டி, "அங்க ஒருத்தனும் போவப்படாது" என்று கத்தினாராம். நுரையில் முழங்காலளவில் எல்லோரையும் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாராம். வேற்றூர்க்காரர்கள் சிலர் அந்தப் பக்கம் போனபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாராம். ஊரில் இப்போது கவுண்டரின் சாமர்த்தியம் என்று பேச்சு. பெண்பிள்ளைகள் மடுவில் இறங்கக் கூடாது என்ற கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

போன வாரம் பட்டப்பகலில் பாவாயியைக் கூட்டிக்கொண்டு மடுவுக்குப் போனேன். தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடத்தில், மிதமாக இழுக்கும் பக்கத்தில் அவளை இறக்கினேன். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை வெள்ளையன் கையில். நான் கரையில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு இப்போது மூச்சு தாராளமாக வருகிறது. சத்தம் கேட்டு மாமனார் வந்து நின்றார், பின்னால் ஊரில் பாதி.

"யாரைக் கேட்டு இவளை எறக்குன?"

"கடல்ல எடம் பார்க்கறப்ப நீங்க யாரு பேச்சைக் கேட்டீங்களோ, அந்தப் பொம்பளையைக் கேட்டுத்தானுங்க மாமா."

 தண்ணீர் பாவாயியை இழுத்தது. அவள் எதிர்க்கவில்லை. பக்கவாட்டில் நாலு கை போட்டு, இழுப்பை விட்டு விலகி, கரையைப் பிடித்து ஏறி என்னைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா போ" என்றேன்.